பழைய மிருகங்களுக்குப் பட்டா கொடுங்கள்!

மான்ஸ்டர் ஹன்டர் வரிசையில் புதிதாக ஏதோ வரப்போகிறது என்று கேப்காம் வாயைத் திறந்தால் போதும், பட்டியல்கள் கிளம்பிவிடும். 'வைல்ட்ஸ்' விளையாட்டுக்குப் பெரிய விரிவாக்கம் ஒன்று தயாராகிறது என்று 2025 டிசம்பரில் அறிவிப்பு வந்தபோதும் இதே கதைதான். எந்த நிலத்தில் நடக்கப் போகிறது, கதை என்ன, ஒன்றும் தெரியாது. ஆனால் எந்தெந்தப் பழைய மிருகம் திரும்பி வர வேண்டும் என்பதில் மட்டும் ஆளாளுக்கு ஒரு ரேஷன் கார்டு. டிக்ரெக்ஸ் வேண்டும், ஜினோகர் வேண்டும், நார்காகூகா வேண்டும், பிராக்கிடியோஸ் வேண்டும்... மளிகைக் கடைச் சீட்டு மாதிரி நீண்டுகொண்டே போகும்.

இதற்கு எதிர்ப்பக்கம் இன்னொரு கோஷ்டி. "பழைய மிருகத்தையே திரும்பத் திரும்பக் கொண்டுவருவது சோம்பேறித்தனம். பழைய கள்ளைப் புது மொந்தையில் ஊற்றிக் காசு பார்க்கிறார்கள். காசு கொடுத்து வாங்குபவனுக்குப் புதுசாக ஏதாவது காட்டு" என்பது இவர்கள் வாதம்.

இரண்டு கோஷ்டியும் ஒரே தப்பைத்தான் செய்கின்றன. இருவருமே மிருகங்களைத் தலை எண்ணிக் கணக்குப் பார்க்கிறார்கள். ஒருவருக்கு எண்ணிக்கை கூட வேண்டும், மற்றவருக்குப் புதுத் தலைகள் வேண்டும். வருகிற மிருகம் அங்கே என்ன சாப்பிடும், எங்கே தூங்கும், யாரைக் கண்டு ஓடும் என்று கேட்க ஆளில்லை. கேட்க வேண்டிய கேள்வியே அதுதான்.

இந்த விளையாட்டைத் தொடாதவர்களுக்காகச் சுருக்கமாக. 2004இல் ப்ளேஸ்டேஷன் 2இல் முதல் மான்ஸ்டர் ஹன்டர் வந்தது. ஒரு ராட்சத மிருகம், அதை வேட்டையாடப் போகும் ஒரு ஆள். வழக்கமான கெடு 50 நிமிடம். மற்ற விளையாட்டுகளில் இருப்பது போல மிருகத்தின் தலைக்கு மேல் உயிர்க்கோடு கிடையாது. அது நொண்டி நடக்கிறதா, எச்சில் ஒழுகுகிறதா, தன் கூட்டைத் தேடிப் போகிறதா என்று பார்த்துத்தான் அதன் நிலைமையை ஊகிக்க வேண்டும். வீழ்த்திய பிறகு அதன் செதிலும் எலும்பும்தான் அடுத்த கவசம், அடுத்த வாள். அந்தக் கவசத்தை முழுதாகச் செய்து முடிக்க அதே மிருகத்தைப் பத்து முறை, பதினைந்து முறை தேடிப் போக வேண்டியிருக்கும். ஆக, இங்கே மிருகம் என்பது ஒரு கட்டத்தின் கடைசியில் வந்து நின்று அடிவாங்கிவிட்டுப் போகும் வில்லன் இல்லை. விளையாட்டே அதுதான். சீட்டுக் கட்டில் ஜாக்கியை எடுத்துவிட்டு "புது ஆட்டம்" என்று சொன்னால் எப்படியோ, அப்படித்தான் ஒரு மிருகத்தை எடுத்துவிடுவதும்.

முதலில் 'புதுசு காட்டு' கோஷ்டிக்குப் பதில்.

யியான் குட்-கு என்று ஒரு பறவை. முதல் விளையாட்டிலேயே உண்டு. பெரிய அலகு, விசிறி மாதிரி காது, பார்க்கச் சிரிப்பாக இருக்கும். ஜப்பானிய ஆட்டக்காரர்கள் இதை 'வாத்தியார்' என்றே கூப்பிடுவார்கள். காரணம் இருக்கிறது. ஓடி வந்து மோதுவது, வாலைச் சுழற்றுவது, வாயிலிருந்து நெருப்பு உமிழ்வது என்று பின்னால் வரப்போகும் பெரிய பறக்கும் மிருகங்களின் பாடத்தையெல்லாம் சின்ன அளவில் இது சொல்லிக்கொடுத்துவிடும். பெரிய காது இருப்பதால் பெரிய சத்தம் கேட்டால் அப்படியே தடுமாறி நின்றுவிடும். சாகும் நிலைக்கு வந்தால் காதுகள் மடங்கிவிடும். மிருகத்தின் உடம்பைப் படிக்க வேண்டும் என்ற முதல் பாடமே அந்தக் காதுதான். 2018இல் வந்த 'வேர்ல்ட்' விளையாட்டிலும் 2021இல் வந்த 'ரைஸ்' விளையாட்டிலும் இந்த வாத்தியார் இல்லை. 2025 பிப்ரவரியில் வந்த வைல்ட்ஸில்தான் திரும்பினார். கிட்டத்தட்ட இருபத்தொரு வருடப் பழைய மிருகம். இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்பவர்கள், வேர்ல்டில் தொடங்கிய கோடிக்கணக்கான ஆட்டக்காரர்களுக்கு அது புத்தம் புது மிருகம் என்பதை மறந்துவிடுகிறார்கள். வேர்ல்ட் மட்டும் 2 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. அதற்கு முந்தைய விளையாட்டுகள் எதுவும் அந்த எண்ணிக்கைக்குப் பக்கத்தில்கூட வந்ததில்லை. 'பழசு' என்பது யாருக்குப் பழசு?

இன்னொரு விஷயம் இதைவிடக் கனமானது. புத்தகம் என்றால் பழையது எங்காவது ஒரு நூலகத்தில் கிடைக்கும். சினிமா என்றால் ஒரு வட்டில் இருக்கும். இந்த மிருகங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 'ஃப்ரான்டியர்' என்று ஒரு மான்ஸ்டர் ஹன்டர் 2007இல் ஜப்பானில் தொடங்கியது. இணையத்தில் மட்டுமே ஆடக்கூடியது. பன்னிரண்டு வருடம் ஓடியது, வேறெங்கும் இல்லாத மிருகங்கள் அதில் ஏராளம். 2019 டிசம்பரில் சர்வரை நிறுத்தினார்கள். அவ்வளவுதான், அத்தனையும் காலி. காசு கொடுத்து வாங்கியவரும் இனி அதை ஆட முடியாது. அதே டிசம்பரில் டென்சென்ட் நடத்திய சீனாவின் 'மான்ஸ்டர் ஹன்டர் ஆன்லைன்' விளையாட்டும் மூடப்பட்டது. வீ கன்சோலில் வந்த 'ட்ரை' விளையாட்டின் இணைய ஆட்டம் மேற்கு நாடுகளில் 2013 ஏப்ரலில் நின்றது. 3டிஎஸ், வீ யூ இரண்டின் இணையச் சேவையையும் நின்டெண்டோ 2024 ஏப்ரலில் நிறுத்தியது. '3 அல்டிமேட்', '4 அல்டிமேட்' எல்லாம் நாலு பேர் சேர்ந்து ஆடுவதற்கென்றே செய்யப்பட்டவை. இன்று அந்த நாலு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்தால்தான் உண்டு.

ஃப்ரான்டியரில் பிறந்த எஸ்பினாஸ் என்ற முள் மிருகம் 2022இல் 'சன்பிரேக்' விரிவாக்கத்தில் வந்தது. அது வந்திருக்காவிட்டால்? ஜப்பானுக்கு வெளியே பெரும்பாலானோருக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரிந்திருக்காது. அடித்தாலும் கண்டுகொள்ளாமல் தூங்கிக்கொண்டிருக்கும் மிருகம் என்ற அழகான யோசனை ஒரு சர்வரோடு சேர்ந்து அணைந்து போயிருக்கும். இந்த வரிசையில் ஒரு மிருகம் உயிரோடு இருப்பதற்கு ஒரே வழி அடுத்த விளையாட்டில் இடம் பிடிப்பதுதான். ஆகவே 'பழசு வேண்டாம்' என்பவர்கள் ரசனையைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டு அழிவுக்குக் கையெழுத்துப் போடுகிறார்கள்.

சரி, அப்படியானால் மளிகைச் சீட்டு கோஷ்டி செய்வது சரியா? அதுவும் இல்லை.

அவர்கள் சீட்டில் இருக்கும் பெயர்களைப் பாருங்கள். டிக்ரெக்ஸ், நார்காகூகா, ஜினோகர். மூன்றும் 2019இல் 'ஐஸ்போர்ன்' விரிவாக்கத்தில் வந்தன. மூன்றும் 2021இல் ரைஸில் மறுபடி வந்தன. வைல்ட்ஸில் இல்லை என்றதும் ஏதோ அநாதையாக விட்டுவிட்டது போல ஒப்பாரி! இவை அழியப்போகும் மிருகங்கள் இல்லை. போஸ்டரில் போட்டால் விற்கும் மிருகங்கள். கேட்டாலும் வரும், கேட்காவிட்டாலும் வரும். ராத்தலோஸ் முதல் விளையாட்டிலிருந்து ஒன்றுவிடாமல் வந்துகொண்டுதானே இருக்கிறது, யார் மனுப் போட்டார்கள்?

மனுப் போட வேண்டியது வராதவற்றுக்கு. ப்ளீசியோத், நஜராலா, லாவோ-ஷான் லுங் ஆகியவை வேர்ல்டிலும் இல்லை, ரைஸிலும் இல்லை, வைல்ட்ஸ் வெளிவந்தபோதும் இல்லை, 2025 முடிய வந்த இலவச அப்டேட்களிலும் இல்லை. ப்ளீசியோத் பெயரைச் சொன்னால் பழைய ஆட்டக்காரர்கள் அடிக்க வருவார்கள். காரணம் அதன் இடுப்பு மோதல். பத்தடி தள்ளி நின்றாலும் அதன் இடுப்பு மேலே பட்டதாகக் கணக்கு வைத்து ஆளைத் தூக்கி எறியும். கொடுமைதான். ஆனால் அது மிருகத்தின் குற்றமா? அடிபடும் எல்லையைச் சரியாக வரையாத கணக்கின் குற்றம். வேர்ல்டுக்குப் பிறகு அந்தக் கணக்கு எவ்வளவோ திருந்திவிட்டது. குற்றம் தீர்ந்த பிறகும் தண்டனை மட்டும் ஏன் தொடர வேண்டும்?

அந்த இடுப்பை மன்னித்துவிட்டுப் பார்த்தால் ப்ளீசியோத் என்ன அருமையான மிருகம்! ஏரிக்குள் துடுப்பு மட்டும் தெரியும். உள்ளே இருக்கும்வரை வாளை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. தவளையைத் தூண்டிலில் மாட்டிப் போட வேண்டும், இல்லையென்றால் சத்தக் குண்டை எறிந்து வெளியே துள்ள வைக்க வேண்டும். இவ்வளவு பெரிய மிருகத்தை மீன் மாதிரி தூண்டில் போட்டுப் பிடிப்பது! வேட்டை என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தம் எது? தவளை எங்கே கிடைக்கும், ஏரியின் எந்தக் கரையில் ஆழம் குறைவு என்றெல்லாம் யோசிக்க வைத்த மிருகத்தை ஒதுக்கிவிட்டு, "உயிருள்ள உலகம்" என்று விளம்பரம் செய்வது வேடிக்கை. ஏரி இருக்கிறது, தவளையும் இருக்கிறது, தவளையைத் தின்னத்தான் ஆளில்லை.

கேஸு இன்னொன்று. கண்ணே கிடையாது. வெளிறிப்போன தோல், குகைக் கூரையில் தொங்கும், வாசனையை வைத்து ஆளைத் தேடும். மற்ற மிருகம் பார்த்துவிட்டால் சண்டை இசை தொடங்கும். கேஸு கண்டுபிடித்தால் இசையே கிடையாது. அமைதி. அந்த அமைதியில் அதன் கழுத்து ரப்பர் மாதிரி நீண்டு வரும்போது பயப்படாதவர்கள் யாரும் இல்லை. ரைஸில் இது திரும்பி வந்தது. ஆனால் பனிப்பாறையும் குளிர்ந்த குகையும் உள்ள வைல்ட்ஸில் இல்லை. இதை எத்தனை பட்டியலில் பார்க்க முடிகிறது? அழகான மிருகத்துக்குத்தான் ஆதரவு என்றால் அது அழகிப் போட்டி, வேட்டை இல்லை.

இப்போது முக்கியமான விஷயம். எப்படித் திரும்ப வேண்டும்?

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். வெளியீடு முடிந்து சில மாதம் கழித்து அப்டேட்டில் வந்து சேரும் மிருகம் பெரும்பாலும் விருந்தாளிதான். நிலம் ஏற்கெனவே வரைந்தாகிவிட்டது, கதை முடிந்துவிட்டது, யார் யாரைத் தின்பது என்பது எழுதப்பட்டுவிட்டது. புது மிருகம் வந்து முற்றத்தில் பாயைப் போட்டுப் படுத்துக்கொள்ளும். ஆட்டக்காரர்கள் ஒரு வாரம் அடிப்பார்கள், கவசம் செய்வார்கள், போய்விடுவார்கள். கம்பெனிக்கும் வேண்டியது அந்த ஒரு வாரக் கூட்டம்தான்.

குடித்தனமாக வந்தால் எப்படி இருக்கும் என்பதற்கும் இதே வரிசையில் உதாரணம் உண்டு. 2013இல் வந்த 4ஆம் விளையாட்டில் நெர்சில்லா என்ற ராட்சதச் சிலந்தி. ஜிப்செரோஸ் என்ற மிருகத்தைக் கொன்று அதன் ரப்பர் தோலை முதுகில் போர்த்திக்கொள்ளும். மின்னல் இதன் பலவீனம், அந்தத் தோலோ மின்சாரத்தைத் தடுக்கும். அடுத்து வந்த '4 அல்டிமேட்'டில் வேறு வகைச் சிலந்தி, அது போர்த்தியது கேஸுவின் தோல். ஒரு மிருகத்தின் முதுகைப் பார்த்தாலே பக்கத்தில் வேறு யார் குடியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். 2007இல் டிக்ரெக்ஸ் அறிமுகமானதும் இப்படித்தான். பாலைவன மிருகமான அது பனிமலைக்கு ஏறி வந்ததே போப்போ என்ற யானை மாதிரி மிருகத்தின் இறைச்சிக்காக. போப்போவின் நாக்கைச் சேகரிக்க அனுப்பப்பட்ட புது வேட்டைக்காரன் டிக்ரெக்ஸ் முன்னால் போய் மாட்டிக்கொள்வான். இரண்டு பேரும் ஒரே சாப்பாட்டுக்கு வந்தவர்கள்!

லேகியாக்ரஸ் கதையும் இங்கே பொருந்தும். 2009இல் ட்ரையின் அட்டைப்பட நாயகன். கடலுக்கடியில் சண்டை போட வைத்த மிருகம். மோகா கிராமத்து நிலநடுக்கத்துக்கு இதுதான் காரணம் என்று முதலில் பழி விழும், பிறகுதான் கடலடியில் சியாடியஸ் இருப்பது தெரியவரும். அடுத்தடுத்த விளையாட்டுகளில் நீருக்கடியில் ஆடும் வசதியை எடுத்துவிட்டார்கள். 4ஆம் விளையாட்டில் லேகியாக்ரஸே இல்லை. 2015இல் 'ஜெனரேஷன்ஸ்' விளையாட்டில் வந்தது, ஆனால் தரையில் மட்டும். கடலின் ராஜாவைக் கரையில் தவழ விட்டால் அது ராஜாவா, உடும்பா? அதன் பிறகு வேர்ல்டிலும் ரைஸிலும் இல்லாமல் போய், 2025 ஜூன் 30 அன்று வைல்ட்ஸில் இலவச அப்டேட்டாக வந்தபோது நிலைமை கொஞ்சம் மாறியது. சண்டையின் நடுவே வேட்டைக்காரன் தண்ணீருக்குள் போராட வேண்டிய கட்டம் ஒன்று வைத்தார்கள். சின்னக் கட்டம்தான். ஆனால் வருடக்கணக்காகக் காத்திருந்தவர்கள் அதைக் கொண்டாடியது ஏன்? அந்த மிருகத்தோடு சேர்ந்து அதன் தண்ணீரும் திரும்பி வந்தது.

வைல்ட்ஸிலேயே எதிர் உதாரணமும் இருக்கிறது. (கதை தெரிய வேண்டாம் என்பவர்கள் அடுத்த இரண்டு பத்திகளைத் தாண்டிவிடலாம்.) ஓடோகரோனும் அஞ்சநாத்தும் வேர்ல்டில் வந்து பெயர் வாங்கிய மிருகங்கள். வைல்ட்ஸ் வெளிவந்தபோது அவை 'கார்டியன்' வடிவத்தில் மட்டுமே வந்தன. கார்டியன் என்றால் பழைய நாகரிகம் ஒன்று காவலுக்காகச் செய்துவைத்த செயற்கை உயிர். அதற்குப் பசி கிடையாது, குட்டி போடாது. வெளியீட்டின்போது வைல்ட்ஸில் மொத்தம் 29 பெரிய மிருகங்கள். அதில் ராத்தலோஸ் ஒரு கணக்கு, கார்டியன் ராத்தலோஸ் இன்னொரு கணக்கு. தலை எண்ணிப் பார்ப்பவர்களுக்கு இது போதும். ஆனால் இரை தேடாத ஓடோகரோன் பொம்மலாட்டத்து ஓடோகரோன்தானே?

இதில் வேடிக்கை என்னவென்றால் வைல்ட்ஸின் கதையே இந்த வாதத்தைத்தான் சொல்கிறது. ஆர்க்வெல்ட் என்ற மிருகம் எப்போதோ அழிந்துபோனது. அதைக் கார்டியனாகத் திரும்பச் செய்தார்கள். அது உலவிக்கொண்டிருந்தது, சண்டை போட்டது, ஆனால் அதைத் 'திரும்பி வந்தது' என்று யாரும் சொல்லவில்லை. அது வேட்டையாடித் தின்ன ஆரம்பித்து, முட்டையிட்டு, அந்த முட்டையிலிருந்து இயற்கையான ஒரு ஆர்க்வெல்ட் வந்த பிறகுதான் அந்த இனம் திரும்பியது. இவ்வளவு தெளிவாகக் கதை எழுதத் தெரிந்தவர்கள், ஓடோகரோனுக்கு மட்டும் பசியைக் கொடுக்க மறந்தது ஏன்?

"பேசுவது சுலபம், செய்வதற்குச் செலவாகும்" என்று ஒரு வாதம் வரும். நியாயமான வாதம்தான். 2017இல் வந்த 'டபுள் கிராஸ்' (மேற்கில் 'ஜெனரேஷன்ஸ் அல்டிமேட்') 93 பெரிய மிருகங்களைக் காட்டியது என்றால், கையடக்கக் கன்சோல்களில் வருடக்கணக்காகச் சேர்த்துவைத்த சொத்தை அப்படியே எடுத்து வைக்க முடிந்தது. வேர்ல்டில் அந்தச் சொத்தெல்லாம் செல்லாக் காசானது. ஒவ்வொரு செதிலையும் மறுபடி செய்ய வேண்டியிருந்தது. நாலு காலில் ஓடும் மிருகத்தின் எலும்புக்கூட்டை வைத்து இன்னொரு நாலு கால் மிருகத்தைச் செய்யலாம். நஜராலா மாதிரி பாம்பு உடம்பு மேடு பள்ளத்தில் வளைந்து ஏற வேண்டுமென்றால் அதற்குத் தனி உழைப்பு. ஐஸ்போர்ன் சேர்த்தும் வேர்ல்டில் லேகியாக்ரஸின் இனமான லெவியாத்தன் ஒன்றுகூட இல்லை என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இதே வாதம் மளிகைச் சீட்டுக்கு எதிராகத்தான் முதலில் பாய்கிறது. முப்பது பெயர் கேட்டால் எளிதாகச் செய்யக்கூடிய முப்பதைத்தான் கொடுப்பார்கள், எல்லாம் ஒரே எலும்புக்கூட்டுக்குப் பத்துச் சட்டை போட்ட மாதிரி. மூன்றே மூன்று கேட்டால்? அந்த மூன்றையும் அவற்றின் இரையோடும் இடத்தோடும் கேட்டால்? தவளை நிறைந்த ஏரியோடு ஒரு ப்ளீசியோத். இசை நின்றுபோகும் இருட்டுக் குகையோடு ஒரு கேஸு. வேட்டைக்காரனைச் சுற்றி வளையம் போட்டு, செதில்களை உதறி அதிர வைக்கும் ஒரு நஜராலா, அது ஊர்ந்து போக ஒரு மணல்வெளியோடு.

இதற்குச் சரியான இடம் விரிவாக்கம்தான். அப்டேட்டில் நிலம் மாறாது, விரிவாக்கத்தில் நிலமே புதிதாக வரும். ஐஸ்போர்னில் செய்து காட்டினார்களே! புதிதாக ஒரு பனிநிலம் வரைந்து, ட்ரை காலத்துப் பனி மிருகமான பாரியோத்தை அங்கே குடிவைத்து, போப்போ மந்தையையும் கூடவே கொண்டுவந்தார்கள். பாரியோத் விருந்தாளியாகத் தெரியவில்லை, அந்தப் பனி அதற்குச் சொந்தமாகத் தெரிந்தது. செய்யத் தெரியாதவர்களிடம் கேட்டால் பிச்சை. செய்து காட்டியவர்களிடம் கேட்பது உரிமை.

விரிவாக்கம் எப்படி வந்தாலும் வாங்குபவர்கள் வாங்கத்தான் போகிறார்கள். வைல்ட்ஸ் மூன்று நாளில் 80 லட்சம் விற்றது. அதனால்தான் என்ன கேட்கிறோம் என்பது முக்கியமாகிறது. போஸ்டர் நாயகர்களைக் கேட்டுக்கொண்டே இருந்தால் அவர்களே வந்துகொண்டிருப்பார்கள், ஏரிகள் காலியாகவே கிடக்கும். பட்டியலை எடுத்து, கேட்காமலே வரப்போகும் பெயர்களை அடித்துவிடுங்கள். மிச்சம் இருக்கும் பெயர் ஒவ்வொன்றுக்கும் எதிரே அது என்ன தின்னும், எங்கே தூங்கும் என்று எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் அந்தப் பெயரையும் அடித்துவிடலாம். எழுத முடிந்தவற்றுக்குப் பட்டா கேளுங்கள்.

பி.கு.: ப்ளீசியோத் திரும்பி வந்து, அந்த இடுப்பும் பழையபடியே வந்தால், இந்தக் கட்டுரை வாபஸ்!